சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் நிம்மதி இல்லையே: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

நீரிழிவுடன் வாழ்பவர்கள் தங்கள் அன்றாட வாழ்வில் படும் சிரமங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் மிகுதி. எழுதியவர்களின் பெயரை விலக்கிவிட்டு, ஊரையும் தேவையான விவரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு அவற்றுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 51. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற மாதம் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி 6.8 என்று வந்தது. மருத்துவர் சீட்டைப் பார்த்து, "நன்றாக இருக்கிறது, இதையே தொடருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் எனக்கு எதுவும் நன்றாக இல்லை. வீட்டில் சோற்றுப் பானையைத் திறந்தால் மகன் திரும்பிப் பார்க்கிறான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், "இவங்களுக்கு சுகர், பாயசம் வைக்காதீங்க" என்று நாத்தனார் பரிமாறுபவரிடம் உரக்கச் சொல்கிறார். விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து நடுங்கி எழுந்தேன். அன்று முதல் படுக்கப் போகவே பயமாக இருக்கிறது. நோய் கட்டுக்குள் இருக்கும்போது இப்படி வருந்துவது என்னுடைய மனக்குறைதானா?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: இல்லை அம்மா, உங்கள் மனக்குறை இல்லை. நீங்கள் எழுதியிருப்பவை அனைத்தும் நோயின் பகுதிகள். கண்ணையும் சிறுநீரகத்தையும் பரிசோதிப்பதைப் போலவே இவற்றையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்ல வேண்டும்.

முதலில் அந்த 6.8 என்ற எண்ணுக்கு, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை விழுக்காட்டில் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை அளவுக்கு, உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். பிரிட்டனில் நீரிழிவு நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 1998ஆம் ஆண்டு முதன்மை முடிவுகளை வெளியிட்ட பேராய்வில், மூன்று மாதச் சராசரி ஒரு புள்ளி (8க்குப் பதில் 7 என்பது போல) குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஏற்படும் பாதிப்பு 37 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்தப் பாதுகாப்பைப் பதினோரு ஆண்டு உழைப்பால் நீங்கள் ஈட்டியிருக்கிறீர்கள், கைவிட்டுவிடாதீர்கள். ஆனால் சராசரி என்பது சராசரிதான். விரல் நுனிச் சோதனையில் பகலில் ஏறி, விடியற்காலையில் 60க்கு இறங்குகிற ஒருவருக்கும், நாள் முழுவதும் சீராக இருக்கிற ஒருவருக்கும் ஒரே 6.8 வரலாம். மூன்று மணிக்கு வியர்த்து நடுங்கி எழுந்தது பெரும்பாலும் தாழ்சர்க்கரையாக (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவதாக) இருந்திருக்கும். அதை உங்கள் மருத்துவர் அறிந்திருந்தால் "இதையே தொடருங்கள்" என்று சொல்லியிருக்கமாட்டார்.

ஆகவே இந்த வாரமே சில நாள்கள் படுக்கும் முன்பும் விடியற்காலை மூன்று மணிக்கும் விரல் நுனியில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிகிளசைடு ஆகியவற்றுள் ஒன்று இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. இரவு உணவு குறைந்துபோன நாளில் தாழ்சர்க்கரையைக் கொண்டுவரக் கூடியவை. அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாறவோ இயலும். பயத்துக்குக் காரணமானதை நீக்கிவிட்டால் தூக்கம் தானாகத் திரும்பும்.

இனி மற்றதைப் பார்ப்போம். நீரிழிவுடன் வாழ்வதனால் மட்டுமே உண்டாகும் மனச்சுமையை நீரிழிவு அயர்ச்சி என்று சொல்லலாம். இது மனச்சோர்வு நோயிலிருந்து வேறுபட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் போலன்ஸ்கி என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதை அளப்பதற்கென்று 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை 1995ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தாழ்சர்க்கரை பற்றிய பயம், உணவைப் பற்றி ஓயாமல் யோசித்துக்கொண்டிருப்பது, தன்னந்தனியாக இந்த நோயைச் சுமப்பதாகத் தோன்றுவது என்று நீங்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை அந்தப் படிவத்திலேயே இருக்கின்றன. லண்டன் பல்கலைக்கழகத்தில் கிளேர் பிராட்லி உருவாக்கிய மற்றொரு படிவம், நீரிழிவு இல்லாமல் இருந்திருந்தால் குடும்பம், வேலை, பயணம், தோற்றம், எதிர்காலம் ஆகிய ஒவ்வொன்றும் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கிறது. பல நாடுகளில் இதை நிரப்பியவர்கள், தங்கள் வாழ்வில் மிகுதியாகப் பறிபோனது விரும்பியதை உண்ணும் சுதந்திரம் என்றே சொல்லியிருக்கிறார்கள். சோற்றுப் பானையைத் திறக்கும்போது உங்களுக்கு வரும் வேதனை உங்களுடையது மட்டுமல்ல.

உங்கள் மகன் அன்பினால்தான் பார்க்கிறார். ஆனால் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியின் தட்டை மற்றவர்கள் கண்காணிப்பது உதவியாகாது என்பதை அவரிடம் சொல்லியாக வேண்டும். பதினோரு ஆண்டுகள் நோயைத் தானே கையாண்டு 6.8இல் வைத்திருப்பவருக்கு எதைச் சாப்பிடலாம் என்று சொல்லித்தர அந்த வீட்டில் எவருக்கும் தகுதியில்லை. இதை நான் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன், மகனிடம் படித்துக் காட்டுங்கள். உதவ விரும்பினால் மாத்திரை தீரும் முன் வாங்கி வரட்டும், மாலையில் கூட நடக்க வரட்டும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே பொரியலும் கீரையும் சமைக்கட்டும்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்வாருங்கள். பந்தியில் கூட்டு, பொரியல், சுண்டல் முதலியவற்றை முதலில் உண்டுவிட்டுச் சோற்றைப் பின்னால் எடுத்துக்கொண்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். வழக்கமான சோற்றில் பாதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஈடாக அரைக் கரண்டி பாயசம் சாப்பிடலாம். சாப்பிட்டதும் மண்டபத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடங்கள். 6.8இல் இருப்பவருக்கு இது பிழையாகாது. நாத்தனாரிடம் "எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். பந்தியில் வைத்துச் சொன்னால் இருவருக்கும் சங்கடம்.

மருத்துவரிடம் போகும்போது மூன்றே விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இரவு நடுக்கம், விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியது, படுக்கப் பயப்படுவது. கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். சீட்டை நீட்டுவதற்கு முன்பே இந்தத் தாளை நீட்டுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமில்லாமல், அழுகையும் பசியின்மையும் தொடர்ந்தால் அது அயர்ச்சியைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது. அதற்குத் தனியாக மருந்தும் ஆலோசனையும் உண்டு. 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறோம். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்பதால் இரண்டு சொம்பு குடிக்கலாமா?
(வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: ஒரு தம்ளர் குடியுங்கள். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு என்பது உண்மையே. ஆனால் மாவாக அரைத்து, குழைய வேகவைத்து, கரைத்துக் குடிக்கும்போது அது விரைவாகச் செரித்துச் சர்க்கரையைச் சோற்றைப் போலவே ஏற்றிவிடும். அந்த வேளைச் சோற்றுக்குப் பதிலாகக் கூழ் என்று கணக்கு வையுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலைத் தொட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தமும் இருந்தால் கருவாட்டுக் குழம்பில் கவனம் தேவை. அதில் உப்பு மிகுதி.

கேள்வி: எனக்கு வயது 44. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஒரு வாரம், பத்து நாள் என்று கடலில் தங்கித் தொழில் செய்கிறேன். காலையில் மாத்திரை, இரவில் இன்சுலின். இன்சுலின் பாட்டிலை மீனுக்குப் போடும் ஐஸுக்குள் புதைத்து வைத்துக்கொள்கிறேன். சில முறை ஊசி போட்டும் சர்க்கரை 380 வரை ஏறியிருக்கிறது. ஒரு முறை வலை இழுக்கும்போது கண் இருட்டிக் கீழே விழுந்தேன். அதிலிருந்து, "நீ கரையிலேயே இரு" என்று படகில் எல்லோரும் சொல்கிறார்கள். கடலை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. விட்டுவிடத்தான் வேண்டுமா?
(வாசகர், காசிமேடு)

பதில்: அவசரப்பட்டு விட்டுவிட வேண்டாம், தம்பி. மருந்தை உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி அமைக்க முடியுமா என்று முதலில் பார்ப்போம். பெரும்பாலும் முடியும்.

380 ஏறியதற்குக் காரணம் அந்த ஐஸாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஒரு முறை உறைந்துபோன இன்சுலின், பிறகு உருகினாலும் வீரியம் இழந்துவிடும். பார்வைக்கு மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். அதைப் போட்டுக்கொள்வது தண்ணீரைப் போட்டுக்கொள்வதற்குச் சமம். பிரிக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும்; பயன்பாட்டில் இருக்கும் பாட்டில் 30 டிகிரிக்கு மேல் சூடேறாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாமல் இருக்கும். ஆகவே பாட்டிலைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு, துணியில் சுற்றி, குளிர்ந்த தண்ணீர் உள்ள அகன்ற வாய்ப் பிளாஸ்கில் வையுங்கள். ஐஸ் கட்டி நேராகப் படக்கூடாது. இயந்திர அறையின் சூடும் ஆகாது. கடலுக்குப் போகும்போது கூடுதலாக ஒரு பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்.

கண் இருட்டி விழுந்தது வேறு கணக்கு. வலை இழுப்பது கடும் உழைப்பு; உடல் சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கிறது. வெறும் டீயைக் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வலையில் கை வைத்திருந்தால் தாழ்சர்க்கரை எளிதில் வரக்கூடும். உங்கள் மாத்திரையைக் கடிகாரத்தோடு சேர்க்காமல் சாப்பாட்டோடு சேருங்கள். சாப்பாடு தள்ளிப்போனால் மாத்திரையையும் தள்ளிப்போட வேண்டுமா என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் "கூலி வேலை" என்று பொதுவாகச் சொல்லாமல், எத்தனை மணிக்கு வலை போடுகிறீர்கள், எப்போது இழுக்கிறீர்கள், எப்போது உண்கிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். சிட்டாகிளிப்டின் போன்ற, தனியாகச் சாப்பிட்டால் தாழ்சர்க்கரையை அரிதாகவே கொண்டுவரும் மருந்துகள் இப்போது விலை குறைந்திருக்கின்றன. இன்சுலினையும் நேரம் மாறினாலும் தாங்கக்கூடிய வகைக்கு மாற்ற இயலும்.

இன்னொன்று, உங்கள் தொழிலுக்கே உரியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நீங்கள் கரையில் இருப்பீர்கள். உழைப்பு திடீரென்று குறையும்போது அதே மருந்தில் சர்க்கரை ஏறும். தடை நீங்கி மீண்டும் கடலுக்குப் போகும் முதல் வாரத்தில் இறங்கும். தடைக்காலத் தொடக்கத்தில் ஒரு முறையும் முடியும் தறுவாயில் ஒரு முறையும் மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்வதை வழக்கமாக்குங்கள்.

படகில் உள்ளவர்களிடம் மறைக்காதீர்கள். சர்க்கரைப் பொட்டலமோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீர் புகாத உறையில் சுக்கான் அறையில் ஒன்றும் உங்கள் இடுப்பில் ஒன்றும் இருக்கட்டும். நீங்கள் தடுமாறிப் பேசினாலோ காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றும், நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும் என்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்து மாற்றிய பிறகு முதல் சில வாரங்கள் அன்றன்று திரும்பும் படகுகளில் போய்ப் பாருங்கள். சர்க்கரை சீராக இருப்பதை அவர்களே கண்ணால் கண்டால் மறுக்கமாட்டார்கள். எழுதி வைத்த அளவுகளை மருத்துவரிடம் காட்டி, பல நாள் தங்கலுக்குப் போகலாமா என்பதை அவருடைய வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கெளுத்தி முள் குத்தினால், வலைக்கயிறு கிழித்தால் சாதாரணமாக விடாதீர்கள். கடல்நீர் பட்ட காயத்தில் சில கிருமிகள் மணிக்கணக்கில் பரவிச் சதையை அழிக்கும். நீரிழிவு உள்ளவருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சிவந்து வீங்கி வலி கூடினால் கரைக்கு வந்த பிறகு பார்ப்போம் என்று காத்திராமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: வயது 46. ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு. கடந்த ஓராண்டாக மனைவியுடன் சேர இயலவில்லை. யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது.
(வாசகர், பெரம்பூர்)

பதில்: நீரிழிவு உள்ள ஆண்களிடையே இது மிகவும் பரவலானது, மருத்துவருக்கு இதில் புதுமையோ அதிர்ச்சியோ இல்லை. நரம்பும் சிறிய ரத்தக் குழாய்களும் பாதிக்கப்படுவதே முதன்மைக் காரணம். சில ரத்த அழுத்த மாத்திரைகள், புகை, மது, மனச்சுமை, ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) குறைவு ஆகியவையும் சேரலாம். இதயக் குழாய் அடைப்பு வெளித்தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குறை தோன்றுவதுண்டு. எனவே இதயத்தையும் கொழுப்பின் அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் பலருக்குப் பயன் தருகின்றன. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சுவரொட்டி பார்த்து விடுதிகளில் தங்கிச் சிகிச்சை தருபவர்களிடம் போகாதீர்கள். உங்கள் மனைவியிடம் இது நோயினால் வந்தது, அவர் மீதான விருப்பம் குறைந்ததால் அல்ல என்று சொல்லிவிடுங்கள். பல பெண்கள் அப்படித்தான் எண்ணி உள்ளுக்குள் வருந்துகிறார்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒரு சொல். சர்க்கரை மிகும்போது பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளாலும் வரும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மாத்திரை அது. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமலே நிறுத்திவிடுபவர்கள் பலர். சொன்னால் எளிய மருந்தில் சரியாகும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. மறதி தொடங்கியிருக்கிறது. கிளிபென்கிளமைடு கலந்த மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரி 6.3. சென்ற மாதம் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். வடிவுடையம்மன் கோயில் சர்க்கரைப் பொங்கலைக்கூட நாங்கள் கொடுப்பதில்லை. அதற்காகக் குழந்தையைப் போல அழுகிறார். இன்னும் கடுமையாக இருக்க வேண்டுமா?
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: தளர்த்த வேண்டும், மகளே. மறதியும் தள்ளாமையும் உள்ள முதியவருக்கு, அதுவும் இந்த மாத்திரையோடு, 6.3 என்பது மிகவும் இறுக்கம். அத்தகையவர்களுக்கு 8 வரை இருக்கலாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் போக்கு. இருபது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய கண் பாதிப்பைவிட இன்றிரவு இடுப்பெலும்பு முறிவது அவருக்குப் பெரிய ஆபத்து. அவர் விழுந்ததே தாழ்சர்க்கரையால் இருக்கலாம். கிளிபென்கிளமைடு நெடுநேரம் உடலில் தங்குவது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இன்னும் நெடுநேரம். முதியவர்களுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்து, மருந்தை மாற்றித் தரும்படி இந்த வாரமே கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டாம். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். பிரசாதம் ஒரு கரண்டி கொடுங்கள். அவருக்குக் கோயில் என்பது அந்த இலைத் துண்டும் சேர்ந்ததுதான்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மருத்துவமனையில் காத்திருந்தால் ஒரு நாள் வருமானம் போய்விடுகிறது. மாத்திரை மட்டும் கடையில் வாங்கிச் சாப்பிட்டால் போதாதா?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: போதாது, ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு நாளை இழக்கவும் வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். நீரிழிவு மருத்துவத்தில் வடசென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டிலேயே மருத்துவர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய பொது மருத்துவமனை 1971இல் நீரிழிவுக்கென்றே ஆன மருத்துவமனையாயிற்று. அத்தனை அருகில் இருந்துகொண்டு கடை மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள்.

ஆண்டுக்கு ஒரு நாளை மட்டும் இதற்கென்று ஒதுக்குங்கள். அன்று கண் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம், கிரியாட்டினின், கொழுப்பு, பாத உணர்வு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு, கால் மரத்துப்போகிறது என்றால் பி12 வைட்டமின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருந்து அதைக் குறைக்கக்கூடும், ஈடுசெய்வதும் எளிது. பிரேக்கைக் காலால் மிதித்து ஓட்டுபவர் நீங்கள். பாத உணர்வு குறைவதை அலட்சியப்படுத்தக்கூடாது. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்க இரண்டு மூன்று நிமிடமே ஆகும், ஆனால் கூட்டத்தில் அதுதான் முதலில் விடுபட்டுப்போகும். மருத்துவர் முன் உட்காரும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, "இதையும் பாருங்கள், ஐயா" என்று கேளுங்கள்.